கோபியோடான் ஹிஸ்ட்ரியோ: 'கூத்துளுவை' எனலாமா?

அன்புள்ள நண்பர்களுக்கு,

பவளக் கிளைகளுக்குள் வாழும் கோபியோடான் ஹிஸ்ட்ரியோ என்ற சிறு மீனுக்குத் தமிழில் என்ன பெயர் வைக்கலாம் என்று பேசும் இந்த இழையில், இதுவரை 'கோபி மீன்', 'கோமாளி உளுவை', 'களைபறி உளுவை' என்று மூன்று பெயர்கள் வந்திருக்கின்றன. மூன்றையும் ஒட்டியும் வெட்டியும் யோசித்தபின் நான்காவதாக ஒன்றை முன்வைக்கிறேன்.

> 'கோபி' என்றே எழுதிவிடலாமே. யாருக்கும் குழப்பமிராது.

இதை என்னால் ஏற்கவே முடியவில்லை. ஆங்கிலத்தில் 'கோபி' எனப்படும் மீன் குடும்பத்துக்கு நம்மிடம் 'உளுவை' என்ற சொல் இருக்கிறது. ஆற்றிலும் கழியிலும் தரையோடு தரையாகக் கிடக்கும் மீனைப் பிடித்தவர்கள் வைத்த பெயர் அது. 1,500க்கும் மேற்பட்ட இனங்கள் உள்ள குடும்பம் இது. இவற்றில் பெரும்பாலானவற்றுக்கு வயிற்றுப்புறத் துடுப்புகள் இரண்டும் ஒன்றாய்ச் சேர்ந்து சிறு கிண்ணம்போல் இருக்கும். அதைக்கொண்டு கல்லைப் பற்றிக்கொள்ளும். ஆற்று உளுவைக்கும் பவளத்தில் வாழும் உளுவைக்கும் இந்த உறவு பெயரிலேயே தெரிய வேண்டாமா? 'கோபி' என்று எழுதினால் அது அறுந்துபோகும். எழுத்தில் மட்டும் கவனம் தேவை. சங்கப் பாட்டில் 'உழுவை' புலி. நம் மீனுக்கு ளகரமே இருக்கட்டும்.

> வணிகப் பெயர் 'கிளவுன் கோபி'. ஆகவே 'கோமாளி உளுவை'.

'கோமாளி மீன்' என்ற பெயரைக் கடற்சாமந்தியில் குடியிருக்கும் ஆரஞ்சு மீனுக்கு ஏற்கெனவே கொடுத்துவிட்டோம். பள்ளிப் பிள்ளைகளும் அறிந்த பெயர் அது. உறவில்லாத இரண்டு மீன்களுக்கு ஒரே அடைமொழி வைத்தால், படிப்பவர் இரண்டையும் ஒரு கிளையென்றே நினைப்பார். இன்னொன்றும் உண்டு. 'கிளவுன்' என்பது கோபியோடான் என்ற பேரினம் முழுவதற்கும் மீன்தொட்டி வணிகத்தில் புழங்கும் பெயர். நாம் தேடுவது ஓர் இனத்துக்கான பெயர்.

அறிவியல் பெயரையே திறந்து பார்ப்போம். விலங்கியலாளர் வலான்சியென் 1837இல் இந்த மீனை விவரித்தபோது வைத்த இனப்பெயர் 'ஹிஸ்ட்ரியோ'. இலத்தீனில் அது மேடை நடிகனைக் குறிக்கும், அதாவது கூத்தன். மீனின் படத்தைப் பார்த்தால் காரணம் சட்டென்று புரிகிறது. அதிகம் போனால் 3.5 செ.மீ. நீளம், பச்சையும் நீலமும் கலந்த உடல், முகத்தில் மேலிருந்து கீழாகச் சிவந்த பட்டைகள், உடலில் அதே சிவப்பில் புள்ளிகளும் கோடுகளும். அரிதாரம் பூசிய முகமேதான். கோமாளி கூத்தில் ஒரு பாத்திரம், அவ்வளவுதான். பெயர் வைத்தவர் மனத்தில் இருந்தது கூத்தன்.

'கூத்தன் உளுவை' என்று பிரித்தே எழுதலாம். 'கூத்து' என்பதைக் கொண்டால், குற்றியலுகரம் கெட்டு 'கூத்துளுவை' என்று ஒரே சொல்லாகிவிடுகிறது. உச்சரித்துப் பாருங்கள், நாக்கு எங்கும் தடுக்கவில்லை. என் பரிந்துரை இதுதான்.

> அது செய்யும் வேலையைச் சொல்லும் பெயர்தானே சிறந்தது? 'களைபறி உளுவை'.

மூன்றில் எனக்கு மிகவும் பிடித்தது இது. மறுக்க மனமில்லாமல்தான் மறுக்கிறேன். டிக்சன், ஹே என்ற ஆய்வாளர்கள் இருவரும் ஃபிஜித் தீவுக் கடலில் நடத்திய ஆய்வு 2012இல் வெளியானது. குளோரோடெஸ்மிஸ் என்ற நச்சுப்பாசி அக்ரோபோரா பவளத்தின் கிளையில் உரசினால், அந்த இடம் புண்ணாகிறது. அப்போது பவளம் நீரில் விடும் வேதிக்குறிப்பை உணர்ந்து, கிளைகளுக்குள் இருக்கும் உளுவைகள் 15 நிமிடத்துக்குள் அங்கே வந்து பாசியைக் கத்தரிக்கத் தொடங்குகின்றன. பாசியின் வாடையை மட்டும் காட்டினால் அவை வருவதில்லை. பவளம் அழைத்தால்தான் வருகின்றன. மூன்று நாளில் பாசி சுமார் 30 விழுக்காடு குறைந்தது, பவளத்தின் சேதமோ 70 முதல் 80 விழுக்காடுவரை குறைந்தது. நம் மீன் கத்தரித்த பாசியைத் தின்னவும் செய்கிறது. செதிலில்லாத அதன் உடலை மூடியிருக்கும் கோழை இயல்பிலேயே நச்சுள்ளது. பாசியைத் தின்றபின் அந்த நச்சு இன்னும் கூடுகிறது.

இவ்வளவு அழகான செய்தியை ஏன் பெயரில் வைக்கக்கூடாது? அதே ஆய்வில் பாராகோபியோடான் எக்கினோசெஃபாலஸ் என்ற இன்னொரு உளுவையும் இதே வேலையைச் செய்தது, தின்னவில்லை என்பதே வேறுபாடு. ஆகவே 'களைபறி' ஓர் இனத்துக்கு உரிய அடையாளம் அன்று. செயலுக்குப் பெயராகப் 'பாசிக்களை பறித்தல்' என்பதைக் கட்டுரைகளில் தாராளமாக ஆளலாம்.

பேரினத்துக்குப் 'பவள உளுவை' என்று முன்பே சொன்னவருடன் உடன்படுகிறேன். கிளைகளுக்கு நடுவே இணையாக வாழ்ந்து, அங்கேயே முட்டையிட்டு, ஆண் காவல் காக்கும் வாழ்க்கைக்கு அது பொருந்துகிறது.

பால் மாறுவதற்கான சொல்லையும் இங்கேயே முடித்துவிடலாம். கூத்துளுவை பெண்ணிலிருந்து ஆணாகவும் ஆணிலிருந்து பெண்ணாகவும் மாறவல்லது. 1998இலேயே இது பதிவாகியிருக்கிறது. துணையை இழந்த மீன் வேறு துணை தேடி இன்னொரு பவளத்துக்கு நீந்துவது உயிராபத்து. ஆணோ பெண்ணோ எந்தத் துணை கிடைத்தாலும் இரண்டில் ஒன்று பால் மாறிக்கொண்டால் குடும்பம் அமைந்துவிடும். இதற்குப் 'பாலின மாற்றம்' என்று ஒருவர் எழுதியிருந்தார். 'பாலினம்' என்ற சொல் மனிதரின் சமூக அடையாளத்தைக் குறிக்க இன்று நன்றாக ஊன்றிவிட்டது. அதை மீனின் உடலியல் மாற்றத்துக்கு இழுக்க வேண்டாம். 'இருவழிப் பால்மாற்றம்' போதும்.

'கூத்துளுவை'க்கு மறுப்பிருந்தால் எழுதுங்கள், குறிப்பாகச் சொற்புணர்ச்சியில் பிழை கண்டவர்கள். கூடவே அந்த எக்கினோசெஃபாலஸுக்கும் ஒரு பெயர் வேண்டும். கிரேக்கத்தில் அது முள்ளெலித் தலையோ கடல்முள்ளித் தலையோ, இரண்டுக்கும் இடமுண்டு. மீனின் தலையிலும் சிறுசிறு முளைகள் அடர்ந்திருக்கின்றன. 'முள்தலை உளுவை' என்று தற்காலிகமாகக் குறித்து வைத்திருக்கிறேன். ஆனால் அவை குத்தும் முட்கள் அல்ல என்பதால் 'முள்' என்ற சொல் எனக்கே உறுத்துகிறது. 'சுணைத்தலை' சரிவருமா?