கல்வி நிதி: ஸ்மார்ட் போர்டுக்கு முன்னால் ஒரு விஷயம்

அன்புள்ள ஊர்ச் சொந்தங்களுக்கு,

துபாய் அண்ணாச்சியின் மடலைப் படித்தேன். நம்ம ஊர்க் கல்வி நிதியில், மும்பை தாராவியில் நம்ம பிள்ளைகள் படிக்கும் பள்ளிக்கு ஸ்மார்ட் போர்டு வாங்கலாம், இல்லையென்றால் போன வருஷம் மாதிரி டீச்சர்களுக்கு இரண்டு நாள் பயிற்சி முகாம் வைக்கலாம் என்கிறார். அந்த முகாமில் மைக்கைப் பிடித்துப் பேசியவள் நான் என்பதால் உரிமையோடு சொல்கிறேன்: பிரியாணி நன்றாக இருந்தது. ஃபைல் கொடுத்தோம், போட்டோ எடுத்தோம். திங்கட்கிழமை வகுப்பில் ஒன்றும் மாறவில்லை.

அந்த உறுத்தலில்தான் ஜூலையிலிருந்து வாரம் ஒரு நாள் அங்கே மூன்றாம் வகுப்புக் கடைசி பெஞ்சில் போய் உட்காருகிறேன். 50 பிள்ளைகள். வீட்டில் தமிழ், தெருவில் இந்தி, புத்தகத்தில் இங்கிலீஷ், கட்டாயப் பாடமாக மராத்தி. டீச்சருக்கு 23 வயசு.

முதல் நாள் நான் செய்தது மடத்தனம். பதினோரு குறைகளை எழுதி வைத்து, ஸ்டாஃப் ரூமில் ஒவ்வொன்றாக வாசித்தேன். "சரி மேடம்" என்றாள். அடுத்த வாரம் போனால் வகுப்பில் டெஸ்ட். அதற்கடுத்த வாரமும் டெஸ்ட்! நான் வரும் நாளாகப் பார்த்து வைக்கிறாள் என்பது அப்புறம்தான் உறைத்தது. ஊரில் இன்ஸ்பெக்ஷன் வந்தால் நம்ம வாத்தியார்கள் என்ன பாடு பட்டார்கள், அதையேதான் நான் அந்தப் பெண்ணுக்குக் கொடுத்திருக்கிறேன்.

நான்காவது வாரம் அவளைக் கடைசி பெஞ்சில் உட்காரச் சொல்லிவிட்டு நானே பாடம் நடத்தினேன். பிள்ளைகள் என்னை மதிக்கவே இல்லை. அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பேச்சு தொடங்கியது அன்றைக்குத்தான்.

அதற்கப்புறம் ஒரே ஒரு விஷயத்தை எடுத்துக்கொண்டோம். கேள்வி கேட்டுவிட்டுக் காத்திருப்பது. மேரி பட் ரோ என்ற அமெரிக்க ஆய்வாளர் 1970களிலேயே வகுப்புகளை டேப்பில் பதிந்து பார்த்தார். டீச்சர்கள் சராசரியாக ஒரு நொடிதான் பொறுக்கிறார்கள். அதை மூன்று நொடியாக்கினால் பதில் நீளமாக வருகிறது, வாய் திறக்காத பிள்ளைகளும் பேசுகிறார்கள். கையை முதுகுக்குப் பின்னால் வைத்து மூன்று விரல் மடக்கச் சொன்னேன். முதல் நாள் இரண்டாவது விரலிலேயே தாங்காமல் விடையை அவளே சொல்லிவிட்டாள்.

போன வாரம் 47-லிருந்து 19 போனால் எவ்வளவு என்று கேட்டாள். முன் பெஞ்சுக் கூச்சலை அடக்கிவிட்டுக் காத்திருந்தாள். ஜன்னலோரத்துப் பெண் எழுந்து, "20 எடுத்தா 27 மிஸ். ஒண்ணு ஜாஸ்தி எடுத்துட்டோம், அதனால 28" என்றது, தமிழில்! (இங்கிலீஷ் மீடியத்தில் தமிழ் பேசலாமா என்பது பிரின்சிபாலோடு எனக்கு நடக்கும் தனிச் சண்டை.) ஆறு மாசமாக அந்தப் பெண் வகுப்பில் பேசியதே இல்லையாம்.

ஒரு வகுப்பை வைத்துச் சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம். தென்னாப்பிரிக்காவின் வடமேற்கு மாகாணத்தில் ஏழைப் பிள்ளைகள் படிக்கும் 50 பள்ளிகளின் ஆசிரியர்களை வரவழைத்துப் பயிற்சி கொடுத்தார்கள். இன்னொரு 50 பள்ளிகளுக்குப் பயிற்றுநரே வகுப்புக்குப் போனார். பாடக்குறிப்பும் புத்தகமும் இரண்டு தரப்புக்கும் ஒன்றுதான். இரண்டு வருஷத்தில் வகுப்புக்குப் போன இடத்தில் வாசிப்பு முன்னேற்றம் ஏறக்குறைய இரண்டு மடங்கு. செலவும் கூடுதல்தான், மறைக்கவில்லை.

பெங்களூரு தம்பி இதை ஒரேயடியாகப் பத்துப் பள்ளியில் தொடங்கலாம் என்கிறான். வேண்டாம்ப்பா. பயிற்றுநர் வகுப்புக்கே போகும் இந்த மாதிரித் திட்டங்களைப் பற்றிய 60 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2018-ல் ஒரு கட்டுரை வந்தது. பலன் உண்டு, ஆனால் திட்டம் பெருக்கப் பெருக்க அது குறைகிறது என்கிறது. நல்ல பயிற்றுநர் கிடைப்பதுதான் கஷ்டம்.

நிதியிலிருந்து நான் கேட்பது இவ்வளவுதான்: ஒரு பள்ளி, வாராவாரம் வகுப்பில் போய் உட்கார ஓய்வுபெற்ற இரண்டு டீச்சர்கள், அவர்களுக்கு மாசச் சம்பளம், ஆட்டோ செலவு. என் நிபந்தனை ஒன்றுதான். நாங்கள் எழுதும் குறிப்பு பிரின்சிபால் கைக்கோ நம்ம கமிட்டி கைக்கோ போகக் கூடாது. போனால் திரும்பவும் டெஸ்ட் வைக்க ஆரம்பித்துவிடுவார்கள்.

புரொஜெக்டர் அங்கே ஏற்கெனவே ஒன்று இருக்கிறது, அண்ணாச்சி. பீரோவில். சாவி யாரிடம் என்று விசாரித்துக்கொண்டிருக்கிறேன்.

இப்படிக்கு,
மேலத்தெரு டீச்சர், தாராவி