தப்பான எக்ஸ்எம்எல்லும் எக்ஸ்எஸ்டி செக்கில் பாஸ் ஆகுது (சி ஷார்ப்)

புது_கோடர்:
இன்வாய்ஸை எக்ஸ்எம்எல்லா உருவாக்கி கஸ்டமருக்கு அனுப்புறோம். எக்ஸ்எஸ்டி (எக்ஸ்எம்எல் எப்படி இருக்கணும்னு சொல்ற ஸ்கீமா ஃபைல்) அவங்க கொடுத்தது, அதில் கை வைக்க முடியாது. எங்க செக்கில் பாஸ் ஆகிற ஃபைல் அங்கே போய் ரிஜெக்ட் ஆகுது. எக்ஸ்எம்எல்ரீடர்செட்டிங்ஸில் வேலிடேஷன்டைப் ஸ்கீமான்னு வச்சு, எக்ஸ்எஸ்டியைச் சேர்த்து, தப்பு கிடைச்சா ஓட வேண்டிய ஹேண்ட்லரும் எழுதியாச்சு. டெசிமல் வர வேண்டிய க்யூட்டியில் (அளவு) வேணும்னே "பத்து கிலோ"ன்னு போட்டுப் பார்த்தேன். ஹேண்ட்லர் பக்கமே வரலை!

மதுரை_டெவ்:
ரீடரை கிரியேட் பண்ணினா மட்டும் போதாது ப்ரோ. வைல் லூப்பில் ரீட் கடைசி வரை ஓடணும். படிக்கப் படிக்கத்தான் செக் நடக்கும்.

புது_கோடர்:
ஓடுது ப்ரோ. கடைசி டேக் வரை கன்சோலில் வருது.

பழைய_கீபோர்ட்:
எக்ஸ்எம்எல் ரூட்டும் எக்ஸ்எஸ்டியோட முதல் டேகும் எப்படி இருக்கு தம்பி?

புது_கோடர்:
ரூட் வெறும் இன்வாய்ஸ்தான் சார், எக்ஸ்எம்எல்என்எஸ் (டேக் எந்த நேம்ஸ்பேஸ், அதாவது எந்தப் பெயர்த் தொகுதியைச் சேர்ந்ததுன்னு சொல்றது) இல்லை. எக்ஸ்எஸ்டியில் டார்கெட்நேம்ஸ்பேஸ் இருக்கு. எலிமென்ட்ஃபார்ம்டிஃபால்ட் எழுதலை.

பழைய_கீபோர்ட்:
அப்போ உங்க இன்வாய்ஸ் வேற, அவங்க இன்வாய்ஸ் வேற. பேர் ஒண்ணா இருந்தாலும் நேம்ஸ்பேஸ் பொருந்தணும். ஸ்கீமா கிடைக்காத எலிமென்ட்டை டாட்நெட் (சி ஷார்ப் ஓடுற தளம்) எரரா எடுத்துக்காது, வார்னிங்தான். அந்த வார்னிங்கையும் நாம கேட்டாத்தான் சொல்லும். வேலிடேஷன்ஃபிளாக்ஸோட ரிப்போர்ட்வேலிடேஷன்வார்னிங்ஸைச் சேருங்க. இதே ஃபைல் பைத்தானோட எல்எக்ஸ்எம்எல் லைப்ரரியில் ரூட்டிலேயே அடி வாங்கியிருக்கும். டாட்நெட் மட்டும் ஏன் இவ்வளவு பெருந்தன்மையா இருக்குன்னு எனக்கு இன்னிக்கும் எரிச்சல்தான்.

புது_கோடர்:
சேர்த்ததும் வார்னிங் கொட்டுது சார். சரின்னு ரூட்டில் எக்ஸ்எம்எல்என்எஸ் போட்டேன். இப்போ "இன்வாய்ஸுக்குள் ஐட்டம் வரக்கூடாது, எதிர்பார்ப்பது: ஐட்டம்" என்கிற மாதிரி எரர். கிண்டல் பண்ணுதா?

பழைய_கீபோர்ட்:
எரரை முழுசாப் படிங்க, முதல் ஐட்டத்துக்குப் பக்கத்தில் நேம்ஸ்பேஸ் இருக்கும், ரெண்டாவதுக்கு இருக்காது. எலிமென்ட்ஃபார்ம்டிஃபால்ட் எழுதலைன்னா அன்குவாலிஃபைட்னு அர்த்தம். ரூட்டுக்கு மட்டும் நேம்ஸ்பேஸ் வேணும், உள்ளே டிக்ளேர் பண்ணின ஐட்டம், க்யூட்டிக்கெல்லாம் இருக்கவே கூடாது. நீங்க பிரிஃபிக்ஸ் (பேருக்கு முன்னாடி வர்ற சுருக்கம்) இல்லாம போட்டதால் அது எல்லா பிள்ளைகளுக்கும் ஒட்டிக்கிச்சு. ரூட்டில் எக்ஸ்எம்எல்என்எஸ்:ஐ என்று பிரிஃபிக்ஸோட கொடுத்து, ரூட்டை ஐ:இன்வாய்ஸ்னு எழுதுங்க. உள்ளே எல்லாம் வெறும் பேர். எக்ஸ்எஸ்டியில் மேல் மட்டத்தில் டிக்ளேர் பண்ணி ரெஃப் போட்டு இழுத்த எலிமென்ட் இருந்தா அதுக்கு மட்டும் பிரிஃபிக்ஸ் வேணும்.

மதுரை_டெவ்:
எக்ஸ்எம்எல்லை டாட்நெட்டோட எக்ஸ்டாகுமென்ட் கிளாஸில் கட்டினா எக்ஸ்நேம்ஸ்பேஸை ரூட்டோட மட்டும் கூட்டுங்க ப்ரோ. பிரிஃபிக்ஸுக்கான அட்ரிபியூட்டை ரூட்டிலேயே நீங்க சேர்க்கலைன்னா, அது டிஃபால்ட்டா எக்ஸ்எம்எல்என்எஸ் எழுதிட்டு, உள்ளே காலி எக்ஸ்எம்எல்என்எஸ் போட்டு வைக்கும். அதுவும் செல்லும், பார்க்கத்தான் சகிக்காது.

புது_கோடர்:
"பத்து கிலோ" மாட்டிக்கிச்சு! எந்த வரின்னு எப்படி எடுக்கிறது?

பழைய_கீபோர்ட்:
ஹேண்ட்லருக்கு வர்ற ஆர்க்யுமென்ட்டில் எக்ஸெப்ஷன், அதுக்குள் லைன்நம்பர். செவரிட்டி எரரா இருந்தா மட்டும் நிறுத்துற மாதிரி எழுதிடாதீங்க. வார்னிங் வந்தாலும் ஃபைல் வெளியே போகக்கூடாது.