வன்னிச் சிறுவர் இல்லத்தில் ஊழியம்: பிள்ளைகள் கேட்டதற்கு என்ன பதில் சொல்வது?

கேட்பவர்: சனிக்கிழமைப் பயணி

அனைவருக்கும் வணக்கம். நான் யாழ்ப்பாணத்தைச் சேர்ந்த புரட்டஸ்தாந்து கிறிஸ்தவன். எங்கள் திருச்சபையின் ஊழியக் குழுவோடு எட்டு மாதங்களாகச் சனிக்கிழமைதோறும் ஏ9 வீதியால் கிளிநொச்சிக்குச் சென்று, நகரிலிருந்து சற்று உள்ளே இருக்கும் சிறுவர் இல்லம் ஒன்றில் கணிதமும் வேதாகமமும் படிப்பித்து வருகிறேன்.

ஒருநாள் காணாமற்போன ஆட்டின் உவமையைச் சொன்னேன். தொண்ணூற்றொன்பது ஆடுகளையும் வனாந்தரத்திலே விட்டுவிட்டு, தொலைந்த ஒன்றைத் தேடி மேய்ப்பன் போனான் என்றதும் தரம் நான்கில் படிக்கும் சிறுவன் ஒருவன் எழுந்து, "அப்ப மற்ற ஆடுகளை ஆர் பார்த்தது, அண்ணா?" என்று கேட்டான். அவனுடைய தாத்தா இரணைமடுப் பக்கம் மாட்டுப் பட்டி வைத்திருந்தவர். காவலில்லாத பட்டிக்கு இரவில் என்ன நேரும் என்பது அவனுக்குத் தெரியும். சிறு வயதிலிருந்து அந்தக் கதையைக் கேட்டு வளர்ந்த எனக்கு அந்தக் கேள்வி ஒருநாளும் எழுந்ததில்லை. நான் வாய் திறப்பதற்குள் பின்னாலிருந்த சிறுமி, "அதுகள் ஒண்டா நிக்குங்கள். தனிய நிண்டாத்தான் பயம்" என்றாள். அவளுடைய இரண்டு தம்பிமாரும் அதே இல்லத்தில்தான் இருக்கிறார்கள்.

அதைவிட என்னை உறுத்துவது வேறொன்று. சென்ற மாதம் தாயார் வந்து பார்த்துவிட்டுப் போன ஒரு சிறுவன், நெற்றியில் திருநீற்றோடு கிணற்றடியில் நின்றான். என்னைக் கண்டதும் புறங்கையால் அதை அழித்துவிட்டு, "குட் மோர்னிங் அண்ணா" என்றான். நான் அவனிடம் திருநீற்றைப் பற்றி ஒரு சொல்லும் பேசியதில்லை. வேதாகம வகுப்பை நான் தொடர்வது சரிதானா? மேலும், தை மாதம் வேலை காரணமாகக் கொழும்புக்குப் போகிறேன். அதைப் பிள்ளைகளிடம் எப்போது சொல்வது?

பதில் 1: பழைய இல்லப்பிள்ளை

நான் 2010 முதல் ஏழு ஆண்டுகள் இல்லத்தில் வளர்ந்தவள். தகப்பனார் 2009 மே மாதத்தில் இறந்தார். அம்மா உயிரோடுதான் இருந்தார். போரில் இடம்பெயர்ந்தவர்களை வைத்திருந்த மெனிக் பாம் முகாமிலிருந்து மீள்குடியேறியபோது தறப்பாள் கொட்டிலும் கூலி வேலையும் மட்டுமே இருந்ததால், படிப்பாவது தடைப்படக்கூடாது என்று என்னை இல்லத்தில் சேர்த்தார். எங்களில் பலருடைய கதை இதுதான். ஆனால் வருகிற குழுக்கள் எல்லாம் கண்ணை மூடியவுடன் "இந்தத் திக்கற்ற பிள்ளைகளை ஆசீர்வதியும்" என்றுதான் தொடங்குவார்கள். எனக்குப் பக்கத்தில் இருப்பவள் என் தொடையில் கிள்ளி, "பரந்தன் அந்தப் பக்கம், முல்லைத்தீவு இந்தப் பக்கம், எனக்குத் திக்குத் தெரியும்" என்று முணுமுணுப்பாள். அம்மா இருக்கும் திசையைத்தான் அவள் கடைசியில் காட்டுவாள்.

அந்தச் சிறுவன் திருநீற்றை அழித்ததற்கு நீங்கள் ஏதாவது சொல்லியிருக்கத் தேவையில்லை. கண்ணை இறுக்கி மூடிச் செபிக்கும் பிள்ளைக்கு நல்ல கொப்பி முதலில் கிடைக்கும் என்பதை நாங்கள் இரண்டாவது குழு வந்தபோதே கண்டுபிடித்துவிட்டோம். யாருக்கு எது பிடிக்கும் என்று பார்த்து நடப்பது இல்லத்துப் பிள்ளைக்குத் தானாக வரும் கெட்டித்தனம். அதை விசுவாசம் என்று எண்ணிச் சபையில் சாட்சி சொன்னவர்களையும் நான் பார்த்திருக்கிறேன்.

போவதை இன்றே சொல்லுங்கள். எங்களுக்குப் புதன்கிழமைகளில் படிப்பித்த ஓர் அக்கா, வெள்ளத்தால் வர முடியாத நாளில் இல்லத்துக்குத் தொலைபேசி எடுத்து, எங்களிடம் சொல்லச் சொன்னார். அவர் கொண்டுவந்த பரிசு ஒன்றும் நினைவில் இல்லை. அந்த அழைப்பு நினைவிருக்கிறது.

பதில் 2: இல்ல மேற்பார்வையாளர், முல்லைத்தீவு மாவட்டம்

உணர்வுகளைப் பற்றி மேலே எழுதியிருக்கிறார்கள்; நான் நடைமுறையை மட்டும் சொல்கிறேன். 1991இல் இலங்கை ஏற்றுக்கொண்ட சிறுவர் உரிமைகள் சமவாயத்தின் 14ஆவது உறுப்புரை, பிள்ளையின் மத சுதந்திரத்தையும் அதில் பிள்ளையை வழிநடத்தப் பெற்றோருக்குள்ள உரிமையையும் சேர்த்தே சொல்கிறது. குடும்பத்தைப் பிரிந்து வளரும் பிள்ளையின் மத, பண்பாட்டுப் பின்னணி தொடர்வதற்கு உரிய மதிப்புக் கொடுக்க வேண்டும் என்கிறது 20ஆவது உறுப்புரை. ஆகவே தாயாரைக் கேட்காமல் அந்தச் சிறுவனை வேதாகம வகுப்பில் இருத்துவது சரியல்ல, உங்கள் எண்ணம் எவ்வளவு நல்லதாக இருந்தாலும்.

வந்து வந்து போகும் தன்னார்வலர்களால் பிள்ளைகளுக்கு நேரும் பாதிப்பை 2019இல் ஐக்கிய நாடுகள் பொதுச்சபையே ஒரு தீர்மானத்தில் குறிப்பிட்டது. சிறுவர் இல்லங்களுக்குப் பொறுப்பான நன்னடத்தைத் திணைக்களத்தின் அனுமதியோடுதான் நீங்கள் போகிறீர்களா என்பதையும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். படங்களை முகநூலில் போடும் பழக்கம் உங்கள் குழுவுக்கு இருந்தால் உடனே நிறுத்துங்கள். பிறந்தநாள் கேக் வெட்ட வருகிறவர்களிடம் இதைச் சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலிக்கிறது.

பதில் 3: மாந்தைவாசி

நான் சைவன். ஆனாலும் வகுப்பை அடியோடு நிறுத்தச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. எங்கள் வீட்டில் வைகாசியில் வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் பொங்கலுக்கும் போவோம், ஆவணித் திருவிழாவுக்கு மடு மாதா கோவிலுக்கும் போவோம். 2008 ஏப்ரலில் சண்டை நெருங்கியபோது மடுமாதா சொரூபத்தைத் தேவன்பிட்டிக்குக் கொண்டுபோனார்கள் என்று கேட்டு அழுதவர்களில் என் ஆச்சியும் ஒருவர். அவர் நெற்றியில் திருநீறு இல்லாமல் வெளியே இறங்கியதே இல்லை. அந்தச் சிறுவனிடம், வற்றாப்பளையில் கடல்நீரில் விளக்கு எரிவதைப் பற்றி ஒருநாள் கேளுங்கள். அவன் சொல்லட்டும், நீங்கள் கேட்டுக்கொண்டிருங்கள்.

சனிக்கிழமைப் பயணி

மூவருக்கும் நன்றி. இல்லப் பொறுப்பாளரோடு பேசினேன். இனிமேல் வேதாகம வகுப்பு கணிதம் முடிந்தபின், பெற்றோர் அல்லது பாதுகாவலர் சம்மதித்த பிள்ளைகளுக்கு மட்டும். கொப்பி, பேனை எதையும் என் கையால் கொடுப்பதில்லை. திருநீற்றுச் சிறுவன் முதல் வாரம் எழுந்து கிளித்தட்டு விளையாடப் போய்விட்டான். எனக்குச் சற்று வலித்தது என்பதை மறைக்கவில்லை. விளக்கைப் பற்றி இன்னும் கேட்கவில்லை. அவனாக என் பக்கத்தில் வந்து இருக்கும்வரை பொறுத்திருக்கிறேன்.

தை மாதம் போவதையும் சொல்லிவிட்டேன். யாரும் அழவில்லை. தம்பிமாரோடு இருக்கும் அந்தச் சிறுமி சுவரிலிருந்த கலண்டரைக் கழற்றி வந்து, சனிக்கிழமைகளை விரலால் எண்ணி, "ஒன்பது கிடக்கு" என்றாள். பட்டிக்காரரின் பேரன் கேட்டது ஒன்றுதான்: அதற்குள் பின்னங்கள் முடியுமா? அன்றைக்கே பகுதியெண்ணிலிருந்து தொடங்கிவிட்டோம்.