புதுப்பிப்பு: ஆயில் சூட்டுக்குக் காரணம் ஃபேன் கிளட்ச்!

போன மாசம் புலம்பியிருந்தேன்ல, ஜெனரேட்டர் டிராலியை இழுத்துக்கிட்டு குலசேகரத்திலிருந்து பேச்சிப்பாறைக்கு ஏறினா டீசல் பிக்கப்ல எஞ்சின் ஆயில் சூடு 128 டிகிரி காட்டுது, ரேடியேட்டர் தண்ணிச் சூடு காட்டுற முள்ளு மட்டும் நடுவுலயே நிக்குதுன்னு. பாதிப்பேர் ஆயிலை மாத்தச் சொன்னீங்க. புது 15டபிள்யூ-40 ஆயில் ஊத்தினேன். ரெண்டு டிகிரிகூட இறங்கல.

அப்புறம் தக்கலையில ஒரு வயசான மெக்கானிக்கிட்ட போனேன். "மக்கா, வண்டி நல்லா சூடா இருக்கும்போது எஞ்சினை நிறுத்திட்டு ஃபேனைக் கையால சுத்திப் பாத்தியா?"ன்னார். பார்த்தா, ஒரு தட்டுக்கு மூணு சுத்து சும்மா ஓடுது! ஃபேனை எஞ்சினோட இணைக்கிற ஃபேன் கிளட்ச் சூட்டுல இறுகிப் பிடிக்கணுமாம். கிளட்ச் நடுவுல சிலிக்கோன் ஆயில் கசிஞ்சு, புழுதி பிசினா அப்பியிருந்துச்சு. ஏசி கண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவுல தென்னந்தும்பும் ரப்பர் சருகும் மெத்தை மாதிரி. எஞ்சின் பக்கத்திலிருந்து மெதுவாத் தண்ணி அடிச்சு வெளியே தள்ளினார்.

புதுக் கிளட்ச் போட்டு, போன சனிக்கிழமை திருவிழா லைட்டுக்கு அதே பாரம், அதே ஏத்தம். நாலாவது கியர்ல 1600 ஆர்பிஎம்ல முக்காம, மூணாவதுல 2400ல விட்டேன். தண்ணி பம்பும் ஃபேனும் வேகமாச் சுத்துது, எஞ்சினும் திணறல. ஆயில் சூடு அதிகபட்சம் 112 டிகிரி. ஃபேன் பிடிக்கும்போது வர்ற இரைச்சல் இப்பதான் காதுல விழுது, இத்தனை நாள் அது இல்லாததையே நான் கவனிக்கல!

மேலே போனதும் உடனே ஆஃப் பண்ணாம டர்போ ஆறுறதுக்காக ரெண்டு நிமிஷம் ஐடில்ல விடுறேன். ஏசி போட்டா இன்னும் நாலஞ்சு டிகிரி ஏறுது. அதனால ஏத்தத்துல கண்ணாடியை இறக்கிட்டு வேர்த்துக்கிட்டுதான் ஓட்டுறேன்.