ஆப்கானியச் சலங்கை: இசைக்கருவியா, அணிகலனா?

மயூர் விகார் வாசகி, தில்லி:
லஜ்பத் நகரில் ஆப்கானியக் குடும்பம் ஒன்று நடத்தும் கடையில், தடித்த தோல்வாரில் பித்தளைச் சலங்கைகளை நெருக்கமாகத் தைத்த பட்டை ஒன்றைக் கண்டேன். கடைக்காரப் பெரியவர் அதை ‘ஸங்’ என்றார். என் மகள் பரதநாட்டியம் பயில்வதால் சலங்கை எனக்குப் புதிதன்று. ஆயினும், ஆப்கானியர் இதை இசைக்கருவியாகக் கொள்கிறார்களா, ஆடுபவரின் அணிகலனாக மட்டும் கொள்கிறார்களா என்பதை அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

ராமகிருஷ்ணபுரம் அன்பர்:
வணக்கம் அம்மா. பாரசீகத்தில் ‘ஸங்’ என்றால் மணி என்றே பொருள். ஒட்டகத்தின் கழுத்தில் தொங்குவதற்கும் ஆடுபவரின் கணுக்காலில் ஒலிப்பதற்கும் அந்த ஒரே சொல்தான். வட ஆப்கானிஸ்தானில் ‘தம்புரா’ என்றொரு கருவி உண்டு. நம் கச்சேரிகளில் சுருதிக்கு மீட்டுவது அன்று இது. இரண்டே தந்திகள், வீணையில் இருப்பது போன்ற மெட்டுகள் கிடையா. இதை வாசிக்கும் கலைஞர் சிலர், மீட்டும் கையில் ஒரு நூலைக் கட்டி, அதன் மறுமுனையில் உள்ள மர ஆட்டுப் பொம்மையைத் துள்ள வைப்பார்கள். ‘புஸ் பாஸி’, அதாவது ஆட்டு விளையாட்டு, என்பது அதன் பெயர். அப்பொம்மையில் சலங்கை கட்டினால், தந்தியைத் தீண்டும் அதே அசைவிலேயே தாளமும் பிறந்துவிடுகிறது. தாளம் போடத் தனியாக ஒருவர் வேண்டியதில்லை. அத்தகைய சலங்கையை வெறும் அணிகலன் என்று ஒதுக்க என் மனம் ஒப்பவில்லை.

கரோல் பாக் வாசகர்:
ஹார்ன்போஸ்டல், ஸாக்ஸ் ஆகிய இசையியலாளர் இருவரும் 1914-இல் வெளியிட்ட இசைக்கருவி வகைப்பாட்டின்படியும் சலங்கை இசைக்கருவியே. உள்ளே நாக்குத் தொங்கும் மணியைத் தட்டி ஒலிக்கும் கருவிகளோடும், பரல் உருளும் சலங்கையைக் குலுக்கி ஒலிக்கும் கருவிகளோடும் அவர்கள் சேர்த்தார்கள். ஆனால் பரல் இருப்பதாலேயே அது ஆட்டத்திற்கு உரியது என்று முடிவு செய்துவிட வேண்டாம்; நாமும் மாட்டுக்குச் சலங்கை கட்டுகிறோம் அல்லவா?

இன்னொன்றும் நினைவில் கொள்ளத்தக்கது. 1860-களில் அமீர் ஷேர் அலி கான் இந்தியாவிலிருந்து இசைக் கலைஞர்களைக் காபூல் அரசவைக்கு வரவழைத்தார். அவர்களின் வழியினர் காபூலின் கராபாத் பகுதியில் தலைமுறைகளாக இசை வளர்த்தார்கள். ஆகையால் காபூல் சலங்கைக்கும் இங்குள்ள கதக் சலங்கைக்கும் ஒற்றுமை தென்பட்டால் வியப்பதற்கில்லை.

மயூர் விகார் வாசகி:
இருவருக்கும் நன்றி. மகளின் சலங்கையையும் எடுத்துக்கொண்டு ஞாயிறன்று மறுபடியும் அக்கடைக்குச் செல்கிறேன். இரண்டையும் அடுத்தடுத்துக் குலுக்கிக் கேட்டுவிட்டு, அந்தப் பட்டை காலுக்கா கழுத்துக்கா என்பதையும் பெரியவரிடம் விசாரித்து எழுதுகிறேன்.