நிஜோ எஸ் 560 சூப்பர் 8: மோட்டார் ஓடுகிறது, லைட் மீட்டர் முள் அசையவில்லை

கேட்டவர்:
வணக்கம். வீட்டில் கிடந்த பிரவுன் நிஜோ எஸ் 560 கேமராவை (சூப்பர் 8 பிலிமில் சினிமா எடுக்கும் பழைய கேமரா) மறுபடி ஓடவைக்கப் பார்க்கிறேன். கைப்பிடிக்குள் ஆறு டபுள் ஏ பாட்டரி போட்டதும் மோட்டார் ஓடியது. விநாடிக்கு 18 பிரேம், 24 பிரேம் இரண்டு வேகத்திலும் சத்தம் சீராக இருக்கிறது. 54-இல் வைத்தால் கொஞ்சம் திணறுகிறது. ஆனால் வியூஃபைண்டரில் தெரியும் அபர்ச்சர் முள் (வெளிச்சத்தை அளக்கும் லைட் மீட்டரின் முள்) ஒரே இடத்தில் படுத்துக்கிடக்கிறது. வெளிச்சத்தில் காட்டினாலும் சரி, லென்ஸை மூடினாலும் சரி, அசைவே இல்லை. மீட்டருக்கான இரண்டு பட்டன் செல்களில் ஒன்று ஒட்டிக்கொண்டிருக்கிறது, சுற்றிலும் வெள்ளைப் பொடி. இதைச் சரிசெய்ய முடியுமா? முடியாவிட்டால் 'மோட்டார் ஓடுகிறது' என்று மட்டும் சொல்லி விற்பது நியாயமா?

பழைய சுருள்:
இந்தக் கேமராவில் மோட்டாருக்கும் மீட்டருக்கும் பாட்டரி தனித்தனி. அதனால் ஒன்று ஓடி இன்னொன்று படுத்திருப்பதில் அதிசயம் இல்லை. மீட்டர் கெட்டுவிட்டது என்று இப்போதே முடிவுகட்ட வேண்டாம், அதற்கு மின்சாரம் போய்ச் சேராமல் இருக்கலாம்.

வெள்ளைப் பொடி ஆல்கலைன் செல் கசிந்து காய்ந்தது. ஸ்குரூ டிரைவரால் நெம்பாதீர்கள், அடியில் உள்ள தகடு வளைந்துவிடும். காட்டன் பட்ஸில் வினிகர் தொட்டு விளிம்பில் மட்டும் தடவுங்கள். லேசாக நுரைக்கும். நுரை அடங்கியதும் மரக்குச்சியால் மெல்லத் தூக்கிப் பாருங்கள். அப்புறம் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்துக் காயவிடுங்கள். தகட்டில் பச்சை பூத்திருந்தால் நைஸான உப்புத்தாளால் உலோகம் பளிச்சென்று தெரியும்வரை தேயுங்கள்.

புதுச் செல் விஷயத்தில்தான் கவனம் வேண்டும். அசல் செல் பிஎக்ஸ் 625, பாதரச வகை. 1.35 வோல்ட், தீரும்வரை ஏறக்குறைய அப்படியே நிற்கும். பாதரசம் என்பதால் பல நாடுகளில் விற்பனையை நிறுத்திவிட்டார்கள். அதே அளவில் வரும் ஆல்கலைன் செல் 1.5 வோல்ட்டில் தொடங்கி இறங்கிக்கொண்டே போகும், மீட்டர் காட்டுவதும் கூடவே நகரும். என் ஓட்டு காதுகேள் கருவியில் போடும் 675 துத்தநாகக் காற்றுச் செல்லுக்குத்தான். 1.4 வோல்ட். அகலம் குறைவு, சுற்றி ஒரு ரப்பர் வளையம் போட்டால் ஆடாமல் உட்காரும். செல்லில் உள்ள சின்னத் துளைகளை மட்டும் அடைத்துவிடாதீர்கள், காற்று உள்ளே போனால்தான் அது வேலை செய்யும். ஒட்டுத்தாளை உரித்த பிறகு சில வாரங்களோ ஓரிரு மாதங்களோதான் தாங்கும்.

கேட்டவர்:
ரொம்ப நன்றி. ஒட்டியிருந்த செல் கழன்று வந்துவிட்டது, தகடும் சுத்தம். 675 போட்டேன். முள் இன்னும் அப்படியேதான் இருக்கிறது.

சால்டர் கை:
தகட்டின் பின்பக்கம் ஒயரைப் பாருங்கள். கசிவு பிளாஸ்டிக் உறைக்குள் கம்பி வழியாகவே ஏறிப்போகும். வெளியே நன்றாகத் தெரியும், உள்ளே கருத்துப் பொடியாகியிருக்கும். மல்டிமீட்டரை, ஒயர் அறுபடாமல் இருக்கிறதா என்று பார்க்கும் நிலையில் (continuity) வைத்து இரு முனையிலும் தொடுங்கள். 'பீப்' வராவிட்டால் ஒயரை மாற்றுங்கள்.

54-இல் திணறுவதற்குக் கைப்பிடித் தகடுகளையும் துடைத்துப் பாருங்கள், அந்த வேகத்தில் மோட்டார் கூடுதல் மின்சாரம் இழுக்கும். எண்ணெய் மட்டும் விடாதீர்கள். அது ஷட்டரிலும் லென்ஸிலும் பரவினால் சுத்தம் செய்வது பெரும்பாடு.

கேட்டவர்:
ஒயர்தான்! ஒரு முனை பச்சையாகி உதிர்ந்தது. மாற்றிப் பற்றவைத்தேன். ஜன்னல் பக்கம் திருப்பியதும் முள் எழுந்தது, கையால் மூடினால் இறங்குகிறது. 54-உம் தேவலை. இப்போது 'நன்றாக வேலை செய்கிறது' என்று எழுதி விற்கலாமா?

எட்டு மில்லி:
இன்னும் கூடாது. பிலிம் நகர்கிறதா என்று பார்க்கவில்லையே. காலாவதியான கேட்ரிட்ஜ் (பிலிம் சுற்றிய பிளாஸ்டிக் டப்பா) ஒன்று வாங்குங்கள். அதன் வாயில் தெரியும் பிலிமின் மேல் மார்க்கரால் ஒரு புள்ளி வையுங்கள். போட்டு இரண்டு விநாடி ஓட்டி எடுங்கள். புள்ளி உள்ளே போயிருந்தால் கொக்கி பிலிமை இழுக்கிறது. புள்ளி அங்கேயே இருந்தால் மோட்டார் சத்தத்தை நம்பி எந்தப் பயனும் இல்லை. முழுக் கேட்ரிட்ஜ் 50 அடி, 18-இல் சுமார் 3 நிமிடம் 20 விநாடி ஓட வேண்டும். கடிகாரம் வைத்துப் பார்த்தால் வேகமும் தெரிந்துவிடும்.

அடுத்து லென்ஸ். டார்ச்சை ஒரு பக்கம் பிடித்து மறுபக்கம் பாருங்கள். சிலந்தி வலைபோல் இழைகள் தெரிந்தால் பூஞ்சை. இருந்தால் படம் எடுத்துப் போடுங்கள், மறைக்க வேண்டாம். வாங்குகிறவர் நம்பிப் போடும் பிலிமும் கழுவும் செலவும் கேமராவின் விலையைவிடக் கூடுதலாகக்கூட ஆகலாம்.

விளம்பரத்தில் இப்படி எழுதுங்கள்: மீட்டர் ஒயர் மாற்றப்பட்டது, 675 செல்லில் முள் அசைகிறது, பழைய கேட்ரிட்ஜில் பிலிம் நகர்கிறது, புது பிலிமில் எடுத்துக் கழுவிப் பார்க்கவில்லை. மோட்டார் ஓடும் வீடியோ ஒன்றும், செல் அறையின் படம் ஒன்றும் சேருங்கள். நான் வாங்கும்போது முதலில் கேட்பது அந்தச் செல் அறைப் படத்தைத்தான்.

கேட்டவர்:
கேட்ரிட்ஜுக்குச் சொல்லிவிட்டேன். டார்ச் அடித்துப் பார்த்தேன், முன் கண்ணாடியின் ஓரத்தில் மெல்லிய இழை ஒன்று இருக்கிறது. படம் எடுத்துவிட்டேன், விளம்பரத்தில் முதல் படமாக அதையே போடுகிறேன்.

பழைய சுருள்:
நல்லது. பார்சல் கட்டும்போது எல்லாப் பாட்டரியையும் கழற்றித் தனிப் பையில் போடுங்கள்.