டிசம்பர் 25: சூரிய விழாவா, நாட்கணக்கா?

நெய்தல்:
கிறிஸ்து எந்த நாளில் பிறந்தார் என்று நற்செய்தி நூல்கள் கூறவில்லை. ரோமப் பேரரசர் அவுரேலியன் 274-இல் வெல்லப்படாத சூரியனுக்குக் கோயில் எழுப்பி, டிசம்பர் 25-ஐ அதன் பிறந்தநாள் விழாவாக நிறுவினார். மக்கள் கைவிட விரும்பாத அந்த விழாவையே திருச்சபை கிறிஸ்து பிறப்பு விழாவாக மாற்றிக்கொண்டது என்பது என் கருத்து.

பழஞ்சுவடி:
நெய்தல் அவர்களே, கோயில் எழுப்பியது உண்மை. விழா நாளை அவுரேலியன் நிறுவினார் என்பதற்குத்தான் அவர் காலத்துச் சான்று இல்லை. அந்நாளை 'வெல்லப்படாதவனின் பிறப்பு' என்றும், அன்று 30 தேரோட்டப் பந்தயங்கள் என்றும் குறிக்கும் மிகப் பழைய ஆவணம் 354-ஆம் ஆண்டின் ரோம நாட்காட்டித் தொகுப்பு. அதே தொகுப்பில், 336 வாக்கில் உருவானதாக ஆய்வாளர்கள் கருதும் மறைசாட்சிகள் (நம்பிக்கைக்காக உயிர்விட்டவர்கள்) பட்டியல், கிறிஸ்து பெத்லகேமில் பிறந்தது அந்நாளில்தான் என்று பதிவு செய்கிறது. ஒரே தொகுப்பில் இரண்டும் இருக்கும்போது, சூரிய விழாதான் மூத்தது என்று எதை வைத்துச் சொல்கிறீர்கள்? எனக்கு நாட்கணக்கே வலுவாகத் தெரிகிறது. இயேசு இறந்த நாள் மார்ச் 25 என்று கிறிஸ்தவ எழுத்தாளர் தெர்த்துல்லியன் 200-ஐ ஒட்டியே எழுதிவிட்டார். இயேசு தாயின் வயிற்றில் கருவான நாளும் அதுவே என்ற நம்பிக்கையை ஆயர் அகுஸ்தீன் குறிப்பிடுகிறார். அங்கிருந்து ஒன்பது மாதம் எண்ணினால் டிசம்பர் 25 வருகிறது. ஆசியா மைனரில் (இன்றைய துருக்கிப் பகுதி) ஏப்ரல் 6-ஐ இயேசு இறந்த பாஸ்கா விழா நாளாகக் கொண்டவர்கள் இருந்தார்கள். அதிலிருந்து எண்ணினால் ஜனவரி 6. அர்மேனியத் திருச்சபை இன்றும் பிறப்பு விழாவை அன்றுதான் கொண்டாடுகிறது.

நெய்தல்:
அவுரேலியன் அந்த நாளை நிறுவினார் என்று உறுதியாக எழுதியது என் பிழை, திரும்பப் பெறுகிறேன். ஆனால் உங்கள் கணக்கிலும் சூரியன் இருக்கிறதே! ரோமர் மரபில் மார்ச் 25 பகலும் இரவும் சமமாகும் நாள், டிசம்பர் 25 பகல் வளரத் தொடங்கும் நாள். மேலும், 200-ஐ ஒட்டி எழுதிய கிறிஸ்தவ அறிஞர் அலெக்சாந்திரியாவின் கிளமெந்து, தம் காலத்தவர் கூறிய பிறப்பு நாள்களைத் தொகுக்கும்போது மே மாத நாள் ஒன்றைக்கூடக் குறிப்பிடுகிறார். டிசம்பர் 25 அங்கே இல்லை. கணக்கு அத்தனை பழையதென்றால் அவர் காதுக்கு எட்டாமல் போனது எப்படி? ஐந்தாம் நூற்றாண்டிலும் ரோமின் புனித பேதுரு பேராலயப் படிகளில் நின்று சூரியனை வணங்கிய விசுவாசிகளைத் திருத்தந்தை லியோ கண்டிக்க வேண்டியிருந்தது.

பழஞ்சுவடி:
கிளமெந்தைப் பற்றிய கேள்வி நியாயமானது. விழா அப்போது வேரூன்றவில்லை என்பதை நான் மறுக்கவில்லை. சிரியாவின் அந்தியோக்கியா நகரில் 386-இல்கூட, இந்த நாள் தங்களுக்குத் தெரியவந்து பத்தாண்டு ஆகவில்லை என்று அங்கு குருவாக இருந்த கிறிசோஸ்தோம் மறையுரையில் கூறினார். லியோ கண்டித்ததோ விழா ரோமில் நிலைபெற்று நூறாண்டுக்குப் பின்பு. சூரிய விழாவுக்கு மாற்றாகவே நாள் குறிக்கப்பட்டது என்று வெளிப்படையாகச் சொல்லும் குறிப்பு, 12-ஆம் நூற்றாண்டுச் சிரியாக் மொழி உரையாசிரியர் ஒருவரின் நூலோரத்தில்தான் கிடைக்கிறது. பகல் வளரத் தொடங்கும் நாளில் மீட்பரின் பிறப்பைக் கண்டவர்களுக்கு அதற்காகப் பிறர் விழாவைப் பறிக்கும் தேவை இருக்கவில்லை. 'நீதியின் கதிரவன்' எழுவான் என்ற பழைய ஏற்பாட்டு மலாக்கி நூலின் வாக்கை அவர்கள் ஏற்கெனவே கிறிஸ்துவுக்கு உரியதாகத்தான் படித்துவந்தார்கள்.